பாப்பாவுக்கு நெகடிவ் என்று வந்த பிறகு

மாணிக்கம்,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. அதையெல்லாம் தினமும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்க வேண்டியதை மட்டும் இரண்டு பேரும் கேட்பதில்லை. நேற்றுச் சாயங்காலம்கூட டவர் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று உன்னைக் கூப்பிட்டேன். பாப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்தாயா என்று நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே மழை உண்டா, புளி உலுக்கியாயிற்றா, ஜீப்புக்குப் புது பேட்டரி போட்டாயா என்று நீயே வரிசையாகக் கேட்டுவிட்டு, மேனேஜர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவனை எந்த மேனேஜர் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். போனை மாதிரி இதைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

வாசலில் செல்வத்தின் மினி லாரி நிற்கிறது. புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கே மலை இறங்கி ஓசூர் மண்டிக்குப் போகிறது. இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். மூட்டை ஏற்றி முடிப்பதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும், அதற்குள் எத்தனை தரம் எழுந்து போனேன் என்று உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஜீப்பைக் கிளப்பினேன், அணைத்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன். லாரியில் மூட்டை அடுக்குகிறவனிடம் போய் அப்படி அடுக்காதே என்று வம்புக்கு நின்றேன். வாழ்நாளெல்லாம் நம் நெல்லிவாசலுக்கும் மலையடிவாரத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டியவனுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் கிடையாது. ஏதாவது ஒரு பக்கம் வண்டி போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்த விஷயம் மட்டும் பொங்கலிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதுதான் என்னைப் படுத்துகிறது.

விஷயத்தைப் பச்சையாக எழுதிவிடுகிறேன். உன் மகள் யாழினிக்கு டி.பி. என்று கீழே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரம்மா சொன்னார். மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். நீ, டெஸ்ட்டில் நெகடிவ் என்று வந்திருக்கிறதே, இல்லாத நோய்க்கு நாலு வயதுப் பிள்ளைக்கு எதற்கு மாசக்கணக்கில் மாத்திரை என்று கேட்டுவிட்டு, லீவு முடிந்தது என்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாய். பொங்கல் போய் மாசி வந்துவிட்டது. அவள் இன்னும் இருமுகிறாள். நீ போனில் பேசும்போது பின்னால் கேட்கிறது. டிவி சத்தம் என்கிறாய்.

நீ அந்த டாக்டரம்மாவிடம் மரியாதை இல்லாமல் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்த பிள்ளை பேசுகிற மாதிரிதான் பேசினாய். "மேடம், மூக்குல குழா விட்டு வயித்துலருந்து தண்ணி எடுத்து மிஷின்ல வெச்சுப் பாத்தீங்க. அதுல இல்லன்னு வந்துருச்சு. அப்புறம் இன்னாத்துக்குங்க மருந்து?" என்று கேட்டாய். கம்பெனியில் நீ பார்க்கிற வேலையும் அதுதானே. மிஷின் பச்சை விளக்குக் காட்டினால் சரக்கு நல்ல சரக்கு, சிவப்பு காட்டினால் ஒதுக்கு. அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். ஏன் பார்த்தாய் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த நெகடிவ் எப்படி வந்தது என்று பார்ப்போம். பெரியவர்களுக்கு என்றால் சளியைத் துப்பச் சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் டப்பா கொடுத்தார்கள், காறித் துப்பினேன், அதிலேயே கிருமி தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது. தூக்கத்தில் ஏறுகிற சளியை விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் விடியற்காலையில், வயிறு காலியாக இருக்கும்போது, விழுங்கிய சளி கீழே இறங்கிப் போவதற்குள் குழாய் விட்டு எடுக்கிறார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்று நர்ஸம்மா முதல் நாளே சொன்னார். நாமும் அப்படியே செய்தோம் என்றுதான் நினைத்தோம். இருட்டு பிரிவதற்கு முன்னால் ஜீப்பைக் கிளப்பினேன். பாப்பா அவள் அம்மா சுமதி மடியில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். பசிக்கிறது என்றாள், நீ அதட்டினாய்.

காளிக்கு வேல் நட்டிருக்கிற வளைவு வந்தது. நான் நிறுத்தினேன். அந்த இடத்தில் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், யோசித்து நிறுத்துவதில்லை. மலை இறங்குகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அந்த வளைவைத் தாண்ட விடக் கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். என் அப்பா எனக்குச் செய்தார், நான் உனக்குச் செய்தேன். நீ சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாய். உன் அம்மா தேன் விட்டுப் பிசைந்து கொடுத்த சாமை மாவு. வேலுக்கு ஒரு சிட்டிகை காட்டிவிட்டு மிச்சத்தைப் பாப்பா வாயில் வைத்தாய். அவள் பசியில் உன் விரலையும் சேர்த்துச் சப்பினாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள், கொடுத்தாய். ஓசூரில் ஏசி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் இதையெல்லாம் மறக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. கண்ணாடியில் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்கூட.

கீழே போனதும் நர்ஸம்மா கேட்டார், பிள்ளை ஏதாவது சாப்பிட்டதா என்று. நீயும் நானும் ஒரே குரலில், "ஒண்ணுமே குடுக்கலைங்க சிஸ்டர், வெறும் வயிறுதான்" என்றோம். பொய் சொல்லவில்லை. நம் கணக்கில் அது சாப்பாடு இல்லை. கோயிலில் திருநீற்றை நாக்கில் வைத்துக்கொண்டு வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வான். சுமதி மட்டும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அவள் கீழ்நாட்டுப் பெண், அவளுக்கு மாவு மாவுதான். இரண்டு ஆம்பிளைகள் அடித்துச் சொன்ன பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த முறை அவள் வாயைத் திறந்தால் நாம் இரண்டு பேரும் மூடிக்கொள்வோம், சரியா.

இது எனக்கு உறைத்தது போன வாரம்தான். மேல் ஊர்ப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு ஜீப்பில் வந்தாள். வளைவில் நிறுத்தினேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளை வாயில் வைப்பதைப் பார்த்ததும் அன்றைக்குப் பாப்பா உன் விரலைச் சப்பியது கண்ணில் வந்துவிட்டது. அவர்களை இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மா முன்னால் நின்றேன். இப்படி இப்படி நடந்ததுங்க, அதனாலதான் டெஸ்ட்டுல வரலைங்களா என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சாமை மாவா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் ஐயா. ஆனா சுத்தமா எடுத்தாலும் இந்த வயசுல நிறைய பிள்ளைங்களுக்குக் கிருமி சிக்காது. பெரியவங்க நுரையீரல்ல இருக்கற அளவு கிருமி இவங்ககிட்ட இருக்காது. டெஸ்ட்டுல வந்தா நோய் இருக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வெச்சு நான் மருந்து எழுதலை."

அப்படியென்றால் எதை வைத்து எழுதினீர்கள் என்று கேட்டேன். உட்கார வைத்துச் சொன்னார். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். நுரையீரலின் வேர்ப்பக்கம் நெறிகட்டியிருக்கிறது, நம் கழுத்தில் கட்டுமே, அதேபோல உள்ளே. வாரக்கணக்கில் விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், சாதாரண மருந்து கொடுத்தும் இரண்டும் நிற்கவில்லை. எடை ஏறாமல் இறங்கியிருக்கிறது. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த கவுனை பொங்கலுக்குப் போட்டபோது தோளிலிருந்து வழிந்ததே, சுமதி ஊக்கு குத்திவிட்டாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். கையில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்த்தது ஒன்று. வீங்கியது. அதிலும் அவர் மிகையாகச் சொல்லவில்லை. அந்த வீக்கம் கிருமி உள்ளே நுழைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும், நோயாக மாறிவிட்டது என்று அது மட்டும் சொல்லாது என்றார். கடைசியாக, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்பது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்றார்.

நீ காட்டில் வளர்ந்தவன், உனக்கு இது புரியாமல் போகாது. கரடியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாம் வழியை மாற்றுகிறோமா? புற்று உடைந்து கிடக்கிறது, மரத்தில் நகம் கீறியிருக்கிறது, இலந்தைக் கொட்டையோடு எச்சம் கிடக்கிறது என்றால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போகிறோம். கரடியைக் காட்டு, அப்புறம் நம்புகிறேன் என்று எவனும் நிற்பதில்லை.

மேல் ஊர் சாமிக்கண்ணு மகன் கதையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீ அப்போது ஓசூருக்குப் போய்ச் சேர்ந்த புதிது. அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருமல், இப்படித்தான் நெகடிவ். மறுபடி கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்னும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். சாமிக்கண்ணுக்கு இல்லை என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் வண்டியில் இருந்த எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். நானும் மலை ஏறும் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன், கல்யாண வண்டி மாதிரி. கொஞ்ச நாள் கழித்து அதே பிள்ளையை, வலிப்பு வெட்டி இழுக்க இழுக்க, என் ஜீப்பில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினான். மூளைக்கு ஏறிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் ஏறுமாம். பிழைத்துக்கொண்டான், பள்ளிக்கூடம் போகிறான். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு அந்த ஹாரன் சத்தம்தான் ஞாபகம் வரும்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை என்று எழுத வந்தேன். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

வாசலில் செல்வம் குரல் கொடுக்கிறான், இன்னும் கொஞ்ச மூட்டைதான் என்று. இரு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி நீ என் முகத்தைப் பார்த்த கதைக்கு வருகிறேன். ஆயுத பூஜை லீவுக்குப் பாப்பா இங்கே வந்தாள். நல்ல மழை. ஜீப்பின் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். அவள் தாத்தாகூட வண்டிக்குப் போவேன் என்று ஒரே அடம். காவலூர் வரைக்கும் போய் வருகிற ட்ரிப் எல்லாம் முன் சீட்டில் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள். வண்டி நிற்கிற இடத்தில் மடியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். நான் இருமுவேன், அவளும் என்னைப் போலவே இருமிக் காட்டுவாள், சீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். புகையும் தூசியும் தின்கிறவனுக்கு இருமல் வராமல் என்ன வரும் என்று நான் மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தீபாவளி கழித்துத்தான் சளியைப் பார்த்துச் சொன்னார்கள், டி.பி. என்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது கூட இருந்திருந்தால் உடனே கொண்டு வந்து காட்டச் சொன்னார்கள். உனக்குப் போன் போட்டேன். எப்படிச் சொன்னேன்? சும்மா ஒரு செக்கப் மாதிரி காட்டிடு என்றேன். வெட்கம், மாணிக்கம். அதை மென்று முழுங்கிச் சொன்னேன். நீயும் அவசரம் இல்லை என்று நினைத்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் என் சளி ரிப்போர்ட்டைக் கேட்டார் இல்லையா, அன்றைக்கு அது எதற்கு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜீப் டேஷ்போர்டில் மடித்து வைத்திருந்ததை ஓடிப் போய் எடுத்து வந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு முகம் தெளிந்ததை நீயும் பார்த்தாய். போன வாரம் அதையும் கேட்டுவிட்டேன். என் சளியில் கிடைத்த கிருமி, முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியா, கட்டுப்படாத கிருமியா என்று அந்த ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. கட்டுப்படுகிற கிருமி. பாப்பாவின் கிருமி டெஸ்ட்டில் சிக்கவில்லை, அதனால் அவளுக்கு எந்த மருந்து கேட்கும் என்று அவளிடமிருந்து தெரிந்துகொள்ள முடியாது. யாரிடமிருந்து வந்திருக்குமோ அவர்களுடைய கிருமியை வைத்துத்தான் அவளுக்கு மருந்தை முடிவு செய்வார்களாம். "உங்க ரிப்போர்ட்தான் ஐயா இப்போதைக்குப் பாப்பாவோட ரிப்போர்ட்" என்றார். என் கிருமி கட்டுப்படாத ஜாதியாக இருந்திருந்தால் அவளுக்கு வேறு மருந்து, வேறு கணக்கு. அந்தக் கஷ்டம் இல்லை. எனக்கு என்ன வேலை செய்ததோ அதுவே அவளுக்கும் செய்யும், எடைக்குத் தகுந்த அளவில். நான் இன்னும் தினமும் முழுங்கிக்கொண்டிருக்கிறேன். இருமல் போய்விட்டது, சட்டை இறுக்கமாகிவிட்டது, உன் அம்மாவோடு சண்டை போட மூச்சு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து அப்போதே சுமதிக்குப் போன் போட்டேன். அவளைத் திட்டாதே, நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன். பாப்பாவுக்கு மருந்து ஆரம்பிக்க அவளுக்கு என்ன தடை என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். "எனக்கு இன்னா தடை மாமா. அவருதான் வுட மாட்றாரு. டி.பி.ன்னு ஒத்துக்கிட்டா அப்பாகிட்டருந்து வந்துச்சுன்னு ஆயிடும், அப்பா அதைக் கேட்டா உசுரோட செத்துருவாரு, டெஸ்ட்டுல இல்லன்னு வந்துருச்சுல்ல, அப்படியே இருக்கட்டும்ன்றாரு" என்றாள். அப்போதுதான் நீ அந்த அறையில் என் முகத்தை ஏன் பார்த்தாய் என்று தெரிந்தது. நீ அந்த நெகடிவ்வைப் பிடித்துக்கொண்டு நின்றது பாப்பாவுக்காக இல்லை. எனக்காக.

நான் வண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். ஆட்கள் ஏறிவிட்டார்கள், கிளப்புப்பா என்கிறார்கள். சாவி எங்கே போடுவது என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபம் வந்தது, அடக்க முடியாத கோபம். கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

நீ எப்போதும் இப்படித்தான். எட்டாவது படிக்கும்போது, ஹாஸ்டலில் லீவு விட்டு எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் வீட்டில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சவாரி கிடைத்தது என்று உன்னை மறந்து போனேன். பொழுது சாய்கிற நேரத்தில் வந்து பார்த்தால், பூட்டின கேட்டுக்கு வெளியே டிரங்குப் பெட்டி மேல் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பிடிபிடி என்று பிடிக்க வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தாம்மா மேட்ச் முடிஞ்சு வர்றேன்னு அப்பாவை நிக்க வெச்சுட்டேன்" என்றாய். அன்றைக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேன். சோறு போட்டாள், சாப்பிட்டோம். உனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கும் வசதியாகிவிட்டது. அப்பாவைக் காப்பாற்றுவதற்கு நீ கொடுத்த விலை அன்றைக்கு ஒரு வசவுதான். இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்கு என்னைக் காப்பாற்றுவதற்கு நீ கொடுப்பது என் பேத்தியை.

ஆகையால் நானே எழுதிவிடுகிறேன், நீ எழுத வேண்டாம், சொல்லவும் வேண்டாம். பாப்பாவுக்கு வந்தது என்னிடமிருந்துதான். மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்ட வண்டியில், என் பக்கத்துச் சீட்டில் வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன். காலையில் இரண்டு களி உருண்டை சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கு மருந்து கொடுக்காமல் ஏதாவது ஆனால்தான் எனக்கு ஆகும், அதற்கப்புறம் நீ எத்தனை பொய் சொன்னாலும் என்னைக் காப்பாற்ற முடியாது.

நீ போனைத் தட்டிப் பார்த்து ஈரல் கெட்டுப்போகும் என்று படித்ததாகச் சுமதி சொன்னாள். அதையும் மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே தாங்குவார்கள், கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தூக்கி வர வேண்டும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற மருந்தும் இல்லை. எடை போட்டுப் பார்ப்பார்கள், ஏற ஏற அளவைக் கூட்டுவார்கள். கொடுத்தும் தேறவில்லை என்றால் மறுபடி உட்கார்ந்து யோசிப்பார்கள். மறுபடி ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று நீ சொல்வாய். பார்க்கட்டும், டாக்டரம்மாவும் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்க முடிந்தால் நல்லது என்றார். ஆனால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதே, அதில் மறுபடி நெகடிவ் என்று வந்தாலும் நிறுத்தாதே. அங்கேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும், இதே மருந்து அங்கேயும் கொடுப்பார்கள். பாப்பா சீட்டையும் எக்ஸ்ரேயையும் காட்டு. என் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதை மறக்காமல் கொடு.

குழாய் விடுகிற அன்றைக்கு ஓசூரில் காளி வேலும் இல்லை, வளைவும் இல்லை. இருந்தாலும் உன்னை நம்ப மாட்டேன், மேம்பாலம் தாண்டும்போதுகூட ஒரு சிட்டிகை வைத்துவிடுவாய். வீட்டில் இருக்கிற சாமை மாவைச் சுமதியிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல். இங்கேயும் சொல்லி வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையை வெறும் வயிற்றில் கூட்டிப் போகிறவர்கள் வண்டியில் இருந்தால் அந்த வளைவில் நிறுத்த மாட்டேன் என்று. இரண்டு பேர் முறைத்தார்கள். திரும்பி வரும்போது நிறுத்துகிறேன், அப்போது தாராளமாக வை என்றேன். காளிக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நானே கிளம்பி வந்திருப்பேன். சுமதிதான் வேண்டாம் என்றாள். நான் எதிரில் வந்து நின்றால் நீ இன்னும் பிடிவாதமாக நிற்பாய் என்றாள். அவள் உன்னை என்னைவிட நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறாள். அவளைத் தனியாக நிறுத்தாதே மாணிக்கம். அப்பனைக் காப்பாற்றப் போய்ப் பெண்டாட்டியை அழவைத்தவன் என்று பெயர் வாங்காதே.

செல்வம் ஹாரன் அடிக்கிறான். முடித்துவிடுகிறேன்.

பாப்பாவுக்குக் கொடுக்கிற மாத்திரை தண்ணீரில் கரைகிற மாத்திரையாம், பழ வாசனை வருமாம். காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். நான் மாத்திரை போடுவதைப் பொங்கலுக்கு அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள், எனக்கும் என்று கையை நீட்டினாள், உன் அம்மா பொட்டுக்கடலையைக் கொடுத்து ஏமாற்றினாள். அதனால் முதல் நாள் கட்டாயம் கேட்பாள், இது தாத்தா மாத்திரையா என்று. அப்போது போனை எனக்குப் போட்டு ஸ்பீக்கரில் வை. காலையில் என் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டவர் மேட்டில் நிற்கிறேன், அவள் குடித்த பிறகுதான் முழுங்குவேன். அவள் கேட்டதும், மழுப்பாமல், சத்தமாக அவளிடம் சொல்: "ஆமா கண்ணு, உனக்கு இது தாத்தாகிட்டருந்துதான் வந்துச்சு. தாத்தாவுக்குப் போன மாதிரியே உனக்கும் போய்டும்." நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா